வாய்க்குப் பூட்டு கடைசியில்தான்: தூக்கத்தில் மூக்கால் மூச்சுவிட, கத்தியில்லாமல் பன்னிரண்டு வாரம்

இரண்டாம் நாள் இரவு, மணி இரண்டரை இருக்கும். வாயில் ஒட்டியிருந்த டேப்பைப் பிய்த்தெறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். நெஞ்சு படபடத்தது, மேலுதட்டில் தோல் உரிந்து எரிந்தது. "வாயை ஒட்டிக்கொண்டு படுத்தால் குறட்டை நிற்கும்" என்ற காணொளியைப் பார்த்து இணையத்தில் வாங்கிய டேப் அது. பழியை டேப்பின் மேல் போட்டார். உண்மையில் அன்றிரவு அவருடைய இரண்டு மூக்குத் துளைகளும் அடைத்துக்கொண்டிருந்தன. திறந்திருந்த ஒரே வழியைத்தான் அவர் ஒட்டியிருந்தார்.

இந்தக் கட்டுரையில் வரும் 'அவர்' தனி ஒரு நோயாளி அல்ல. இந்தச் சிக்கலோடு வருவோரிடம் அடிக்கடி ஒன்றாகக் காணப்படுபவற்றைக் கோத்து வரைந்த மாதிரி உருவம். அவருடைய அளவீடுகளும் முறையை விளக்குவதற்காக வைத்தவை. மருந்தின் அளவுகளும், ஆண்டு குறிப்பிட்ட ஆய்வுகளும் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

வந்தபோது இருந்த நிலை

வயது 41, சென்னையில் மேசை வேலை. எடை 78 கிலோ, உயரம் 170 செ.மீ., கழுத்துச் சுற்றளவு 39 செ.மீ. காலையில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வாய் வறட்சி. தண்ணீர் குடிக்க இரவில் இரண்டு முறை எழுகிறார். மல்லாந்து படுத்தால் குறட்டை. ஆறு மாதத்தில் இரண்டு பல் சொத்தை. எச்சில் வற்றிய வாயில் இது வியப்பில்லை. தினமும் படுக்கும்முன் மூக்கடைப்பு நீக்கும் சொட்டு மருந்து (சைலோமெட்டசோலின்) இரண்டு துளையிலும் விடுகிறார், எட்டு மாதமாக. முன்பு பார்த்த இடத்தில் "மூக்குத்தண்டு வளைஞ்சிருக்கு, சதையும் வளர்ந்திருக்கு, ஆபரேஷன் பண்ணிடலாம்" என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு முன் வேறு வழி உண்டா என்பதே அவர் கேள்வி.

பரிசோதனையில் தண்டு, அதாவது இரு துளைகளையும் பிரிக்கும் நடுச்சுவர், இடப்பக்கம் லேசாக வளைந்திருந்தது. "சதை வளர்ச்சி" என்று பேச்சுவழக்கில் சொல்வது பெரும்பாலும் புதிதாக முளைத்த கட்டி அல்ல. மூக்கினுள் பக்கச் சுவரில் எல்லோருக்கும் இருக்கும் கீழ் மூக்குச் சுருள் வீங்கியிருப்பதுதான். அவருக்கும் அதுவே. ஒவ்வாமையால் ஒரு பங்கு வீக்கம், சொட்டு மருந்தால் மறு பங்கு.

மூக்கடைப்பை எண்ணால் அளக்க 'நோஸ்' அளவுகோல் போதும். மூக்கு நிறைந்திருத்தல், அடைப்பு, மூக்கால் மூச்சுவிடச் சிரமம், தூக்கச் சிரமம், உழைக்கும்போது மூக்கால் காற்றுப் போதாமை என்று ஐந்து கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். கூட்டி ஐந்தால் பெருக்கினால் நூற்றுக்கு வரும். அவருக்கு 13 × 5 = 65. 55-க்கு மேல் கடுமை என்று வகுப்பது வழக்கம்.

வாயைப் பற்றி எதையும் முடிவு செய்வதற்கு முன் தூக்க மூச்சுத்தடை, அதாவது தூக்கத்தில் மூச்சு அடிக்கடி நிற்பதோ குறைவதோ, இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். வீட்டிலேயே செய்யும் ஓர் இரவுப் பரிசோதனையில் மணிக்கு 9 தடைகள் வந்தன. மல்லாந்து 16, ஒருக்களித்து 4. மணிக்கு 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. இந்தப் பரிசோதனையில் ஒரு பொறி உண்டு. காற்றோட்டத்தை அளக்கும் குழாய் மூக்கில்தான் மாட்டப்படுகிறது. ஆள் வாயால் மூச்சுவிட்டால் கருவி அதை "காற்றுக் குறைவு" என்று எழுதிவிடக்கூடும். எனவே ஆக்சிஜன் கோட்டையும் நெஞ்சுப் பட்டையின் அசைவையும் கூடவே வைத்துப் படிக்காத அறிக்கையை நம்பி எதையும் தொடங்கக்கூடாது.

வாய் திறந்தால் என்ன கெடுகிறது

வாய் திறக்கும்போது கீழ்த்தாடை இறங்குவது மட்டுமல்ல, பின்னோக்கியும் நகர்கிறது. அதோடு நாக்கின் அடியும் தொண்டைக்குள் சரிகிறது. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான 12 பேரைத் தூக்கத்தில் ஒரு முறை மூக்கால் மட்டும், ஒரு முறை வாயால் மட்டும் மூச்சுவிட வைத்து அளந்தார்கள். மேல் மூச்சுப்பாதையின் தடை வாய்வழியில் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. மூச்சுத்தடை எண்ணிக்கை மூக்குவழியில் மணிக்கு சராசரி 1.5, வாய்வழியில் 43. நோயே இல்லாதவர்களுக்கு இந்த நிலை.

மூக்கில் மிகக் குறுகிய இடம் நுனியிலிருந்து சற்று உள்ளே, மென்மையான பக்கச் சுவர் நடுத்தண்டைச் சந்திக்கும் மூலை. அங்கே இருப்பது பத்துப் பதினைந்து பாகைக் கோணம்தான். குறுகிய குழாயில் ஆரம் சற்றே சுருங்கினாலும் தடை பல மடங்கு ஏறும். அதனால் அரை மில்லிமீட்டர் வீக்கம்கூட ஓர் இரவைக் கெடுக்கும். அதே அரை மில்லிமீட்டரை மீட்டால் இரவு திரும்பக் கிடைக்கும். அறுவையில்லா முயற்சிகளுக்கு அர்த்தம் இருப்பதே இதனால்தான்.

முதல் இரண்டு வாரம்: சொட்டு மருந்தை விடுவது

திட்டத்தில் கடினமான பகுதி இது. பாதியில் விட்டுவிடுவோரில் பலர் இங்கேயே விழுகிறார்கள். சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் வகைச் சொட்டுகள் இரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சில நிமிடங்களில் மூக்கைத் திறக்கும். மூன்று முதல் ஐந்து நாளுக்கு மேல் போனால் மருந்து இறங்கியதும் குழாய்கள் முன்னைவிட விரிந்து அடைக்கும். அடைத்ததால் மறுபடி சொட்டு, சொட்டால் மறுபடி அடைப்பு. எட்டு மாதம் ஓடியது இந்தச் செக்கு.

இரண்டு துளையிலும் ஒரே நாளில் நிறுத்தினால் மூன்றாம் நான்காம் இரவு தாங்காது, பாட்டிலைத் தேடிப் போவார். அதனால் ஒரு துளை முதலில். குறுகலான இடத்துளையில் நிறுத்தினார், அகலமான வலத்துளைக்கு மட்டும் படுக்கும்முன் சொட்டு தொடர்ந்தது. எட்டாம் நாள் இடத்துளை ஓரளவு திறந்ததும் வலத்துளையிலும் நிறுத்தினார். கூடவே முதல் நாளிலிருந்தே, மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி, ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே. ஃபுளூட்டிகசோன் ஃபியூரோயேட் என்றால் ஒரு அழுத்தத்துக்கு 27.5 மைக்ரோகிராம். பெரியவர்களுக்குத் தொடக்க அளவு ஒவ்வொரு துளைக்கும் இரண்டு அழுத்தம், தினம் ஒருமுறை, மொத்தம் 110 மைக்ரோகிராம். இது சொட்டு மருந்து போல உடனே திறக்காது. முழுப் பலன் தெரிய வாரங்கள் ஆகும். "நாலு நாள் அடிச்சேன், ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்துவது மிகச் சாதாரணம்.

ஸ்ப்ரே பலிக்காததற்குப் பெரும்பாலும் கையே காரணம். தலையைப் பின்னால் சாய்த்து நேராக மேலே அடித்தால் மருந்து தொண்டையில் இறங்கிக் கசக்கும். நடுத்தண்டை நோக்கி அடித்தால் சில வாரத்தில் மூக்கில் இரத்தம் கசியும். சரியான முறை: தலை சற்றுக் குனிந்திருக்க வேண்டும். இடத்துளைக்கு வலக்கை, வலத்துளைக்கு இடக்கை. முனை அந்தப் பக்கத்துக் கண்ணின் வெளிமூலையைப் பார்க்க வேண்டும். அழுத்தும்போது மெதுவாக உள்ளிழுக்க வேண்டும், உறிஞ்சக்கூடாது. கைமாற்றி அடித்தாலே முனை தானாக வெளிப்பக்கம் திரும்பிவிடும். புதுப் பாட்டிலாக இருந்தால் சாரல் சீராக வரும்வரை காற்றில் அடித்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

உப்புநீர்க் கழுவல்

ஜல நேத்தி நமக்குப் புதிதல்ல. ஆனால் பழக்கம் என்பதாலேயே தண்ணீரில் அலட்சியம் வந்துவிடுகிறது. குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், குளத்துத் தண்ணீர் எதையும் அப்படியே மூக்கில் விடக்கூடாது. நெய்க்லேரியா ஃபவுலரி என்ற அமீபா மூக்கின் வழியே மூளைக்கு ஏறினால் உயிர் தப்புவது அரிது. 2011-இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய் நீரால் மூக்கைக் கழுவிய இருவர் இதனால் இறந்தார்கள். பக்கத்துக் கேரளத்தில் 2024-இல் குளத்தில் குளித்த ஒரு சிறுவனைப் பறிகொடுத்ததும் இதே அமீபாவிடம்தான். வீட்டு வடிகட்டியில் வந்த நீர் என்றாலும் கொதிக்க வைத்தே ஆக வேண்டும். தளதளவென்று கொதி வந்தபின் குறைந்தது ஒரு நிமிடம், பிறகு மூடி வைத்து ஆறவிட வேண்டும்.

அளவு: லிட்டருக்கு 9 கிராம் உப்பு. 250 மி.லி. என்றால் 2.25 கிராம், மட்டமான அரை தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. அயோடின் சேர்க்காத உப்பு நல்லது. ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்தால் எரிச்சல் குறையும். உப்பில்லாத வெறும் நீர் குளத்தில் மூக்கில் தண்ணீர் ஏறியது போல எரியும். அப்படி எரிந்தால் கரைசல் தவறு என்று பொருள். நீர் உடல் சூட்டில் இருக்கட்டும். முன்னால் குனிந்து, தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, வாயால் மூச்சுவிட்டுக்கொண்டே மேல் துளையில் விட்டால் கீழ் துளையில் வரும். ஒரு துளைக்குப் பாதிப் பாதி. முடிந்ததும் இரண்டு துளையையும் பிடித்துக்கொண்டு பலமாகச் சிந்தினால் நீர் காதுக்குப் போகும். ஒவ்வொன்றாக, மெதுவாகச் சிந்த வேண்டும்.

நேரமும் முக்கியம். இவர் படுக்கும்முன் கழுவியதால் தங்கிய நீர் தொண்டையில் சொட்டி இருமல் வந்தது. இரவு எட்டு மணிக்கு மாற்றினார், கழுவிப் பதினைந்து நிமிடம் கழித்து ஸ்ப்ரே. வரிசை மாறினால் அடித்த மருந்தையே கழுவி வெளியே தள்ளுவதாகும்.

படுக்கையறை

அறையில் தினமும் கொசுவத்தி. அதை நிறுத்திக் கொசுவலைக்கு மாறினார். பைசா செலவில்லாமல் கிடைத்த முன்னேற்றங்களில் இதுதான் பெரியது என்பது எங்கள் கணிப்பு. சாம்பிராணி, ஊதுபத்திப் புகையும் மாலையோடு முடிந்துவிட வேண்டும், படுக்கும் நேரம்வரை அறையில் தங்கக்கூடாது.

கடலோர ஈரப்பதத்தில் தூசிப்பூச்சி செழிக்கும். பத்து ஆண்டுப் பழைய இலவம்பஞ்சுத் தலையணையை மாற்றினார். உறையும் விரிப்பும் வாரம் ஒருமுறை 60 பாகைச் சூட்டு நீரில். சுடுநீர் வராத மெஷினாக இருந்தால் வாளியில் கொதிநீர் கலந்து ஊறவைத்துத் துவைக்கலாம். வெயிலில் காய வைத்தால் பூச்சி சாகும், ஆனால் ஒவ்வாமை தரும் கழிவு துணியிலேயே நிற்கும். துவைத்தால்தான் போகும். ஏ.சி. வடிகட்டி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவல், காற்று முகத்தில் நேரே படாத திசை. தலையணை உறையை மட்டும் மாற்றிவிட்டு மூக்கு திறக்கும் என்று காத்திருக்க வேண்டாம். தூசித் தடுப்பைத் தனியாகச் செய்து பெரிய பலன் கண்டதற்குச் சான்று பலவீனமானது. மருந்தோடு சேர்ந்தால்தான் அதற்கு மதிப்பு.

மூன்றாம் வாரம்: பட்டை

கன்னத்தை விரலால் மெல்லக் காதுப்பக்கம் இழுத்துப் பார்த்தார். மூச்சு சட்டென இலகுவானது. அப்படியானால் குறுகல் முன்மூலையில் இருக்கிறது, மேலே ஒட்டும் மூக்குப் பட்டை உதவக்கூடும். இழுத்தும் மாற்றமில்லை என்றால் பட்டையால் பெரிய பயன் இருக்காது. பட்டைக்குள் இருப்பது நெகிழ்ந்து நிமிர முயலும் பிளாஸ்டிக் வில். அமெரிக்காவில் புரூஸ் ஜான்சன் என்பவர் உருவாக்கியது. 1993-இல் அங்கே ஒப்புதல் பெற்றது. அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் ஒட்டிக்கொண்டு ஆடியதால் பரவியது.

பலரும் ஒட்டும் இடம் தவறு. கண்ணாடி உட்காரும் எலும்பின் மேல் ஒட்டினால் வில்லுக்கு இழுக்க எதுவும் இல்லை. எலும்பு முடிந்து மென்மை தொடங்கும் இடத்துக்குக் கீழே, மூக்கிறகுகளுக்குச் சற்று மேலே வர வேண்டும். ஒட்டும்முன் சோப்புப் போட்டு எண்ணெய்ப் பசையை எடுத்து முழுக்கத் துடைக்க வேண்டும். நம் ஊர் வியர்வையில் கரை உயர்ந்து நள்ளிரவில் கழன்றுவிடுவது இந்தப் படியைத் தவிர்ப்பதால்தான். காலையில் வெந்நீர் நனைத்து இரு முனையிலிருந்தும் நடுவுக்கு உரிக்க வேண்டும். ஒரே வீச்சில் இழுத்தால் தோல் கூடவே வரும். துளைக்குள் செருகும் சிலிக்கான் கூம்புகளும் இதே வேலையைச் செய்யும். தினமும் கழுவ வேண்டும், சிலருக்கு முதல் வாரம் கண்ணீர் வரும்.

எந்தப் பக்கம் படுப்பது

ஒருக்களித்துப் படுத்தால் கீழே இருக்கும் துளை அடைக்கும், மேல் துளை திறக்கும். இவருக்கு இடத்துளை நிரந்தரமாகக் குறுகல். வலப்பக்கம் படுத்தால் நல்ல வலத்துளை கீழே போய் அடைத்துக்கொள்ளும், மேலே மிஞ்சுவது குறுகல்தான். இடப்பக்கம் படுத்தால் வலத்துளை மேலே அகலமாகத் திறந்திருக்கும். ஆக, குறுகலான துளை கீழே. இவ்வளவு எளிய விஷயத்தை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. முதுகுக்கு அணையாக ஒரு நீள் தலையணை வைத்தால் உடல் உருண்டு மல்லாந்துவிடாது.

தலைமாட்டை உயர்த்தியதும் பயன் தந்தது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் படுக்கையை 7.5 பாகை சாய்த்தபோது மூச்சுத்தடை எண்ணிக்கை மணிக்கு 15.7-லிருந்து 10.7 ஆகக் குறைந்தது. இரண்டு மீட்டர் கட்டிலில் 7.5 பாகை என்றால் தலைக்கால்கள் ஏறத்தாழ 26 செ.மீ. உயர வேண்டும். அவ்வளவு உயர்த்தினால் ஆள் வழுக்குவார். இவர் 15 செ.மீ. மரக்கட்டையோடு நின்றார், அது நாலு பாகைக்குச் சற்று மேல். தலையணையை இரண்டாக அடுக்குவது இதற்கு மாற்றாகாது. கழுத்து மடங்கி, தாடை நெஞ்சை நோக்கி வந்து, தொண்டை இன்னும் குறுகும்.

நாக்குப் பயிற்சி

நாலாம் வாரம் தொடங்கிப் பன்னிரண்டாம் வாரம் வரை. 2009-இல் பிரேசிலில் செய்த சோதனையில் நடுத்தர மூச்சுத்தடை உள்ளவர்கள் மூன்று மாதம் தினமும் தொண்டை, நாக்குப் பயிற்சி செய்தபோது எண்ணிக்கை 22.4-லிருந்து 13.7 ஆனது. இதற்குப் பொறுமைதான் விலை.

நாக்கின் ஓய்விடம் எது என்று தமிழில் சொல்வது எளிது. 'ல' சொல்லும்போது நுனி தொடுகிறதே, அந்த மேடு. நுனி அங்கே, மீதி நாக்கு முழுவதும் அண்ணத்தில் ஒட்டி, உதடு மூடி, பற்கள் சற்றே விலகி இருக்க வேண்டும். அங்கிருந்து நாக்கை அண்ணத்தோடு உறிஞ்சிப் பிடித்து ஐந்து நொடி நிறுத்துதல், நுனியை அண்ணத்தில் பின்னோக்கி வழுக்குதல், கன்னத்தின் உட்பக்கம் விரல் வைத்து வெளியே தள்ளக் கன்னத்தால் எதிர்த்து அழுத்துதல், 'ஆ' என்று விட்டுவிட்டு ஒலித்து உள்நாக்கை உயர்த்துதல். ஒவ்வொன்றும் இருபது முறை, காலை மாலை. இவர் வாரத்தில் நாலு நாள்தான் செய்தார். அதுவே எதார்த்தமான எண்ணிக்கை.

ஏழாம் வாரம்: டேப், இப்போது

இதற்குள் நோஸ் மதிப்பெண் 30-க்குக் கீழ் வந்திருந்தது. டேப்புக்கு முன் ஒரு சோதனை: ஒரு வாய் தண்ணீரை விழுங்காமல் வைத்துக்கொண்டு மூன்று நிமிடம் உட்கார வேண்டும். திணறாமல் முடிந்தால் மூக்கு வேலை செய்கிறது. முதல் வாரத்தில் இவர் 40 நொடியில் துப்பினார், இப்போது மூன்று நிமிடம் தாண்டினார்.

நடுத்தர, கடும் மூச்சுத்தடை உள்ளவர்கள், மது அல்லது தூக்க மாத்திரை எடுத்த இரவு, வலிப்பு, அடிக்கடி வாந்தி, கடும் எதுக்களிப்பு உள்ளவர்கள், சளி பிடித்த நாள்: டேப் கூடாது. குழந்தைகளுக்கு ஒருபோதும் கூடாது. அவர்கள் வாய் பிளந்து தூங்கினால் மூக்கின் பின்னுள்ள அடினாய்டு என்ற சதையைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு அங்குல மைக்ரோபோர் காகித டேப்பில் ஐந்து செ.மீ. வெட்டி, ஒரு முனையை அரை செ.மீ. மடித்துப் பிடி செய்ய வேண்டும். உதட்டின் நடுவில் செங்குத்தாக ஒரே ஒரு பட்டை. இரு ஓரமும் திறந்திருக்கும், இருமலாம், பேசலாம், நாக்கால் தள்ளினால் கழன்று விழும். குறுக்கே முழு வாயையும் மூடுவது தேவையில்லாத வீரம். நோக்கம் வாயை அடைப்பதல்ல, உதடு தானாகப் பிரியாமல் இருக்க நினைவூட்டுவது. மாலையில் விழித்திருக்கும்போதே பத்து நிமிடம், மறுநாள் அரை மணி, மூன்றாம் நாள் இரவு. மீசை இருந்தால் மேல்முனை பிடிக்காது, கீழுதட்டிலிருந்து தாடைக்கு அதிக நீளம் விடலாம். உதட்டில் மெல்லிய வாசலின் தடவினால் உரிப்பது எளிது, ஆனால் தோலில் பட்டால் ஒட்டாது.

சான்று எவ்வளவு? தைவானில் 2022-இல் வெளியான ஆய்வில் லேசான மூச்சுத்தடையுள்ள, வாயால் மூச்சுவிடும் 20 பேருக்கு டேப் ஒட்டியபோது எண்ணிக்கை 8.3-லிருந்து 4.7 ஆனது. நம்பிக்கை தரும் எண்தான், ஆனால் 20 பேர். 2025-இல் பத்து ஆய்வுகள், 213 பேரை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள் பயன் உறுதியாகவில்லை, மூக்கடைப்பு உள்ளவருக்கு ஆபத்து என்றே முடித்தார்கள். இன்னோர் ஆய்வில் வாயை மூடியபோது பலருக்குக் காற்றோட்டம் கூடியது, பெரும்பாலும் வாயையே நம்பியிருந்தவர்களுக்குக் குறைந்தது. மென்னண்ணம் (மேலண்ணத்தின் மென்மையான பின்பகுதி) பின்னால் அடைக்கும் ஆட்களுக்கு வாய்தான் மிச்சமிருக்கும் கதவு.

தாடைப் பட்டை வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம். 2014-இல் 26 பேரிடம் தாடைப் பட்டையைத் தனியாகச் சோதித்ததில் மூச்சுத்தடையும் குறையவில்லை, குறட்டையும் குறையவில்லை. தாடையை மேலே கட்டும் பட்டை கூடவே பின்னாலும் இழுக்கிறது.

பன்னிரண்டாம் வாரம்

நோஸ் 65-லிருந்து 25. வாய் வறண்டு எழும் காலைகள் வாரத்துக்கு ஏழிலிருந்து இரண்டு. மறுபரிசோதனையில் மணிக்கு 6. இந்த 9-க்கும் 6-க்கும் இடையிலான வேறுபாட்டைக் கொண்டாட முடியாது, ஒரே ஆளுக்கு இரவுக்கு இரவு அவ்வளவு மாறும். மல்லாந்தால் குறட்டை இன்னும் உண்டு. தண்டு வளைந்தேதான் இருக்கிறது. இடத்துளை மறுபடி முழுக்க அடைத்தால் அறுவை பற்றிய பேச்சு திரும்ப வரும், அதில் தோல்வி ஒன்றுமில்லை. எண்ணிக்கை 15-ஐத் தாண்டினாலோ பகலில் வண்டி ஓட்டும்போது கண் சொருகினாலோ, காற்றழுத்தத்தால் மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சி-பாப் கருவிக்குத் தாமதிக்கக்கூடாது. ஒரே பக்கம் மட்டும் விடாத அடைப்பும் இரத்தக் கசிவும் சேர்ந்தால் உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும்.

டேப்பை வாரம் மூன்று நாளாகக் குறைத்துக்கொண்டார். ஸ்ப்ரேயை மருத்துவர் ஒவ்வொரு துளைக்கும் ஓர் அழுத்தமாக இறக்கினார். கார்த்திகை, மார்கழிக்கு ஒரு தாள் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறார்: சளி பிடித்தால் டேப் இல்லை, கழுவல் இரண்டு வேளை, தலைமாட்டுக் கட்டை அப்படியே, பழைய சொட்டு மருந்து வீட்டில் இருக்கக்கூடாது.